வணிகமும் கணினியும் சேர்ந்த பட்டப்படிப்பு: பெயரைப் பார்த்துச் சேர்வதா, பாடத்தைப் பார்த்துச் சேர்வதா?

புதுடெல்லி: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் கல்லூரி விண்ணப்பங்களைப் புரட்டும் வணிகவியல் மாணவர்கள் சந்திக்கும் பெயர்கள் பல. பி.காம். கணினிப் பயன்பாடு, பி.காம். தகவல் அமைப்பு மேலாண்மை, பிபிஏ கணினிப் பயன்பாடு, பிபிஏ தகவல் தொழில்நுட்பம், பிசிஏ என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பொறியியல் பக்கம் சென்றால் பி.டெக். கணினி அறிவியல் மற்றும் வணிக அமைப்புகள் என்ற பிரிவும் உள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'பிசினஸ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்', அதாவது வணிகத் தகவல் அமைப்புகள் என்ற ஒரே முதன்மைப் பாடமாக இருக்கும் துறை, இந்தியாவில் இப்படிப் பல பெயர்களில் பிரிந்து கிடக்கிறது.

ஒரே பெயருள்ள பட்டமும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு கல்லூரியில் தரவுத்தளம், அமைப்புப் பகுப்பாய்வு ஆகியவை முழுப் பருவப் பாடங்களாக இருக்கும். மற்றொரு கல்லூரியில் வழக்கமான வணிகவியல் பாடங்களுடன் அலுவலக மென்பொருள் பயிற்சி மட்டுமே சேர்க்கப்பட்டிருக்கும். இந்த வேறுபாடு கட்டணம் செலுத்தும் நாளில் தெரிவதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதோ வளாக நேர்காணலின் தகுதி வரம்பைப் படிக்கும்போதோதான் தெரிகிறது. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு அந்தத் தாமதம் பெரும் இழப்பாகிவிடுகிறது.

இந்தத் துறை எதைக் கற்பிக்கிறது, இந்தியாவில் எந்தெந்த வடிவங்களில் கிடைக்கிறது, சேரும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தகவல் அமைப்பு என்பது என்ன?

கணினி அறிவியல், கணினி எவ்வாறு இயங்குகிறது, அதை எவ்வாறு இயக்குவது என்பதைக் கற்பிக்கிறது. வணிகவியல், நிறுவனத்தின் வரவு, செலவு, சட்டம், மேலாண்மை ஆகியவற்றைக் கற்பிக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே வணிகத் தகவல் அமைப்புகள் துறை. ஒரு நிறுவனத்தின் வேலை எவ்வாறு நடக்கிறது, அதற்குத் தேவையான தகவல் எங்கே உருவாகிறது, யார் அதைப் பதிவு செய்கிறார், யார் சரிபார்க்கிறார், எங்கே சேமிக்கப்படுகிறது, எந்த முடிவுக்குப் பயன்படுகிறது என்பதே அதன் கேள்வி. மென்பொருள், அதைப் பயன்படுத்தும் மனிதர்கள், அலுவலக நடைமுறை, சட்ட விதி ஆகிய நான்கும் சேர்ந்ததே தகவல் அமைப்பு.

மின்னணு விலைப்பட்டியல் முறை இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஜிஎஸ்டி வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2020 அக்டோபர் முதல் ₹500 கோடிக்கு மேல் ஆண்டு விற்றுமுதல் கொண்ட நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்கு விற்கும்போது அரசின் இணையதளத்தில் விலைப்பட்டியலைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இந்த வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 1 முதல் ₹5 கோடி ஆனது. பதிவானதும் ஒவ்வொரு விலைப்பட்டியலுக்கும் தனித்த எண்ணும் கியூஆர் குறியீடும் கிடைக்கின்றன.

₹5 கோடி விற்றுமுதல் என்பது மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு நடுத்தர இரும்புக் கடையோ மருந்து மொத்த வியாபாரியோ எட்டக்கூடிய அளவு. அந்தக் கடையில் பொருள் புறப்படும் முன்பே விலைப்பட்டியல் பதிவாக வேண்டும். சரக்கின் மதிப்பு ₹50,000-ஐத் தாண்டினால் பொதுவாக மின்வழிச் சீட்டும் தேவை. வாங்குபவரின் வரி எண்ணில் ஓர் எழுத்து பிழையானாலும் அவருக்குச் சேர வேண்டிய உள்ளீட்டு வரிப் பயனில் சிக்கல் எழும். இங்கே வரிச் சட்டத்தை மட்டும் அறிந்தவருக்கு மென்பொருள் ஏன் பிழை காட்டுகிறது என்று புரியாது. நிரல் எழுத மட்டும் அறிந்தவருக்கு அந்தப் பிழையால் யாருக்கு இழப்பு என்று புரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரை உருவாக்குவதே இந்தப் படிப்பின் நோக்கம்.

துறை உருவான விதம்

வணிக நிறுவனங்களில் கணினி நுழைந்த சில ஆண்டுகளிலேயே இதற்கெனத் தனிப் படிப்பு தேவை என்பது உணரப்பட்டது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கார்டன் டேவிஸ் மேலாண்மைத் தகவல் அமைப்புகளைத் தனிப் பாடத்துறையாக உருவாக்கினார். இத்துறையின் முன்னணி ஆய்விதழான 'எம்ஐஎஸ் குவார்ட்டர்லி' 1977-இல் அங்கிருந்தே தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியில் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினர். கணக்கு, கொள்முதல், இருப்பு, உற்பத்தி ஆகிய அனைத்தையும் ஒரே மென்பொருளில் இணைக்கும் முறை அதன்பின் உலகெங்கும் பரவியது. இவ்வகை மென்பொருளே இன்று ஈஆர்பி என்று அழைக்கப்படுகிறது.

இந்தியாவில் இந்த மாற்றத்தின் அடையாளங்கள் 1980-களில் தொடங்குகின்றன. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, வங்கிப் பணிகளை இயந்திரமயமாக்குவது குறித்த பரிந்துரைகளை 1984-இல் அளித்தது. ரயில்வே துறையின் தகவல் அமைப்புகளுக்கான கிரிஸ் நிறுவனம் 1986-இல் உருவானது. அதே காலகட்டத்தில் பெங்களூருவில் பிறந்த டேலி மென்பொருள், பின்னாளில் சிறு வணிகர்களின் கணக்குப் புத்தகமாகவே மாறியது. பி.காம். படித்தவர் கணினியும் அறிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்தச் சூழலில்தான் வேரூன்றியது, பி.காம். கணினிப் பயன்பாடு போன்ற படிப்புகள் அதற்கு விடையாக வந்தவை.

இரு அமைப்புகளுக்கு இடையே நடந்த மோசடி

இத்துறையின் அறிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்திய வங்கித் துறையின் மிகப்பெரிய மோசடிகளில் ஒன்றே சான்று. 2018 பிப்ரவரி 14 அன்று பஞ்சாப் நேஷனல் வங்கி, தனது மும்பைக் கிளை ஒன்றில் 177 கோடி டாலர், அதாவது சுமார் ₹11,400 கோடி அளவுக்கு மோசடிப் பரிவர்த்தனைகள் நடந்திருப்பதாகப் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தது. பின்னர் அத்தொகை மேலும் உயர்ந்தது.

மோசடி நடந்த விதம் இதுதான். வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்கும் வாடிக்கையாளருக்காக ஒரு வங்கி, மற்றொரு வங்கிக்கு உத்தரவாதக் கடிதம் அளிப்பது அப்போது நடைமுறையில் இருந்தது. அந்தக் கடிதம் ஸ்விஃப்ட் எனப்படும் பன்னாட்டுச் செய்திப் பரிமாற்ற அமைப்பு வழியாகச் சென்றது. வங்கியின் அன்றாடக் கணக்குகளோ கோர் பேங்கிங் எனப்படும் மைய மென்பொருளில் இருந்தன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஸ்விஃப்டில் அனுப்பிய செய்தியைக் கோர் பேங்கிங்கில் ஊழியர் ஒருவர் கையால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பதிவு செய்யப்படாதபோது, வெளிநாட்டுக் கிளைகள் பணம் வழங்கின. வங்கியின் சொந்தக் கணக்கிலோ அந்தப் பொறுப்பு தோன்றவே இல்லை. 2018 ஜனவரியில் அதே வசதியை மீண்டும் கேட்டு வாடிக்கையாளர் தரப்பினர் வந்தபோது, முந்தைய கடிதங்களுக்குக் கிளையின் பதிவுகளில் தடயம் இல்லாததைக் கண்டபின்பே உண்மை வெளிப்பட்டது.

இதில் ஸ்விஃப்ட் மென்பொருள் பழுதாகவில்லை. கோர் பேங்கிங் மென்பொருளும் பழுதாகவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதரின் நேர்மையை மட்டுமே நம்பி விடப்பட்ட இடைவெளிதான் சிக்கல். 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை இத்தகைய அபாயம் குறித்து வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. அதன்பின் இரு அமைப்புகளையும் இணைக்கக் காலக்கெடு விதிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் அவ்வகை உத்தரவாதக் கடிதங்களே நிறுத்தப்பட்டன. ஸ்விஃப்ட் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்காததற்காக 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்கு மொத்தம் ₹71 கோடி அபராதம் விதிக்கப்பட்டது.

அமைப்புப் பகுப்பாய்வு, உள்கட்டுப்பாடு, தகவல் அமைப்புத் தணிக்கை ஆகிய மூன்று பாடங்களும் கற்பிப்பது இத்தகைய இடைவெளிகளைக் காணும் முறையைத்தான். ஒரு பரிவர்த்தனை தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை வரைபடமாக வரைந்து, எங்கே ஒரே நபர் பதிவும் செய்து ஒப்புதலும் அளிக்கிறார், எங்கே ஓர் அமைப்பின் தகவல் மற்றோர் அமைப்புக்குத் தானாகச் செல்லவில்லை என்று மாணவர் குறிக்கக் கற்கிறார்.

பிழையான அமைப்பை நம்புவதும் அதே அளவு ஆபத்தானது என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சான்று உண்டு. அந்நாட்டு அஞ்சல் துறை 1999 முதல் பயன்படுத்திய 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள், கிளை அஞ்சலகங்களில் பணம் குறைவதாகத் தவறாகக் காட்டியது. அதை நம்பி 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. சிலர் சிறை சென்றனர். பலர் சேமிப்பை இழந்தனர். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019-இல் லண்டன் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கணினி காட்டும் தொகையை எப்போது கேள்வி கேட்க வேண்டும் என்பதும் இத்துறையின் பாடமே.

மாநிலத்துக்கு ஒரு பெயர்

இந்தியாவில் இப்படிப்பைத் தேடும் மாணவர், மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு பெயர்களைக் காண்பார். தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் பி.காம். கணினிப் பயன்பாடு மிகப் பரவலான படிப்பு. தெலங்கானாவில் தோஸ்த் என்ற இணையவழிச் சேர்க்கை மூலம் இதற்கு இடம் ஒதுக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தில் வணிகவியல் புலத்தின் கீழ் பிசிஏ என்று இருந்த படிப்பு, பிபிஏ கணினிப் பயன்பாடு என்று பெயர் மாற்றப்பட்டது. அதே நகரில் உள்ள சிம்பயாசிஸ் நிறுவனம் பிபிஏ தகவல் தொழில்நுட்பம் என்ற பெயரில் நடத்துகிறது. டெல்லியில் குரு கோபிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பிபிஏ, பிசிஏ இரண்டும் தனித்தனியே உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.காம். தகவல் அமைப்பு மேலாண்மை என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு.

பொறியியல் வழியில் செல்வோருக்கு, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் பாடத்திட்டம் வகுக்க உதவிய கணினி அறிவியல் மற்றும் வணிக அமைப்புகள் பி.டெக். படிப்பு பல கல்லூரிகளில் நடத்தப்படுகிறது. இதில் கணினி அறிவியலின் அடிப்படைகளுடன் நிதி, சந்தையியல், நிறுவன நடத்தை போன்ற பாடங்களும் இடம்பெறுகின்றன. நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டம் என்பதால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்தவர்களே பொதுவாக இதில் சேர்கின்றனர்.

பொதுவாகப் பார்த்தால், பி.காம். என்று தொடங்கும் படிப்புகளில் கணக்கியல், வரி, நிறுவனச் சட்டம் ஆகியவற்றுக்குக் கூடுதல் இடம் இருக்கும். பிபிஏ என்று தொடங்குபவற்றில் மேலாண்மை, சந்தையியல், மனிதவளம் மேலோங்கும். பிசிஏ-வில் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, வலையமைப்பு மேலோங்கும். வணிகப் பாடம் ஒன்றிரண்டே இருக்கும். ஆயினும் விதிவிலக்குகள் ஏராளம் என்பதால், பாடத்திட்டத்தைப் பருவம் வாரியாகப் பார்ப்பதே நம்பகமான வழி.

அனுமதி விதியில் வந்த மாற்றம்

நீண்ட காலம் பிபிஏ, பிசிஏ, பிஎம்எஸ் படிப்புகளுக்குப் பல்கலைக்கழக இணைப்பே போதுமானதாக இருந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் இம்மூன்றையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. இப்படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் அதன் அனுமதியைப் பெற வேண்டியதாயிற்று. இவற்றுக்கான மாதிரிப் பாடத்திட்டத்தையும் ஏஐசிடிஇ 2024-இல் வெளியிட்டது. இப்படிப்புகளில் சேரும் மாணவியருக்கெனத் தனி உதவித்தொகைத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிர அரசு அதே ஆண்டு முதல் இப்படிப்புகளுக்கு மாநில அளவிலான பொது நுழைவுத் தேர்வை அறிமுகம் செய்தது.

இதன் எதிர்விளைவாக மும்பையில் சில கல்லூரிகள் தங்கள் பிஎம்எஸ் படிப்பை பி.காம். மேலாண்மைக் கல்வி என்பது போன்ற பெயர்களுக்கு மாற்றிக்கொண்டன. பி.காம். பட்டங்கள் ஏஐசிடிஇ வரம்பிற்குள் வராததே காரணம். ஆகவே பெயர் மாறியதால் படிப்பும் மாறிவிட்டது என்றோ, பெயர் மாறாததால் படிப்பும் மாறவில்லை என்றோ முடிவு செய்ய இயலாது.

பல்கலைக்கழகம் தானே நேரடியாக நடத்தும் படிப்புகளின் நிலை வேறு. தொழில்நுட்பப் படிப்பு தொடங்கப் பல்கலைக்கழகத்துக்கு ஏஐசிடிஇ-யின் முன் அனுமதி தேவையில்லை என்று 2001-இல் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே இணைப்புக் கல்லூரியில் பிபிஏ அல்லது பிசிஏ சேர்பவர் ஏஐசிடிஇ இணையதளத்தில் அக்கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். பி.காம். சேர்பவர் பல்கலைக்கழக இணைப்பு நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா?

தேசிய கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறையின்படி, மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு ஆண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட் தேவை. முதல் ஆண்டுடன் வெளியேறினால் சான்றிதழும், இரண்டாம் ஆண்டுடன் வெளியேறினால் பட்டயமும் பெறும் வழியும் உள்ளது. நான்கு ஆண்டு முடித்தவர் முதுநிலைப் படிப்பை ஓராண்டில் முடிக்கலாம்.

ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே பாதையில் செல்லவில்லை. கேரளம் 2024 ஜூலையில் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்புகளைத் தொடங்கியது. அதே ஆண்டில் கர்நாடகம் நான்கு ஆண்டு முறையைக் கைவிட்டு மூன்று ஆண்டுக்குத் திரும்பியது. வேறு மாநிலத்தில் சேர விரும்பும் மாணவர் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். உடனடியாக வேலைக்குச் செல்லும் கட்டாயம் உள்ளவருக்கு மூன்று ஆண்டுப் பட்டம் போதுமானது. ஆய்வுத் துறைக்குச் செல்ல எண்ணுபவருக்கு நான்காம் ஆண்டு பயனளிக்கும்.

பாடத்திட்டத்தில் தேட வேண்டியவை

கணினித் துறையின் பன்னாட்டு அமைப்பான ஏசிஎம், தகவல் அமைப்புகள் துறை அறிஞர்களின் சங்கமான ஏஐஎஸ் ஆகிய இரண்டும் சேர்ந்து இளநிலைப் படிப்புக்கு வகுத்த 'ஐஎஸ்2020' வழிகாட்டி, இத்துறை மாணவர் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துள்ளது. தரவு மேலாண்மை, அமைப்புப் பகுப்பாய்வும் வடிவமைப்பும், நிரலாக்கம், தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பு, பாதுகாப்பு, திட்ட மேலாண்மை, அறநெறி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இந்தியக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் படிக்கும்போது பின்வரும் ஐந்து பகுதிகள் உள்ளனவா என்று பார்க்கலாம்.

முதலாவது, தரவுத்தளம். அட்டவணைகளை எவ்வாறு பிரிப்பது, எஸ்க்யூஎல் மொழியில் எவ்வாறு வினவுவது என்பவை செய்முறை வகுப்புடன் கற்பிக்கப்பட வேண்டும். இத்துறையின் எந்த வேலைக்கும் இதுவே அடித்தளம்.

இரண்டாவது, அமைப்புப் பகுப்பாய்வு. பயனாளரிடம் பேசி அவருடைய தேவையை எழுத்தில் கொண்டுவரும் கலை இது. நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவியை எடுத்துக்கொள்ளலாம். விரல் வைத்தால் அடையாளம் உறுதியாகும், பொருள் வழங்கப்படும் என்பது இயல்பான பாதை. முதுமையாலும் கடின உழைப்பாலும் ரேகை தேய்ந்தவர் வந்தால் என்ன செய்வது, இணைய இணைப்பு இல்லாத மலைக் கிராமத்தில் என்ன செய்வது, நடக்க இயலாதவருக்காக மற்றொருவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பாதையை வகுப்பதே பகுப்பாய்வாளரின் வேலை. அந்தக் கேள்வி விடுபட்டால், தகுதியுள்ள ஒருவர் வெறுங்கையுடன் வீடு திரும்ப நேரிடும்.

மூன்றாவது, கணக்கியலும் கணக்கு மென்பொருளும். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் அது செய்யப்பட்ட தேதியுடன் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தணிக்கைத் தடத்தை நிறுத்திவைக்க முடியாதபடி அமைந்திருக்க வேண்டும் என்று நிறுவனச் சட்ட விதி கூறுகிறது. இவ்விதி ஏன் வந்தது, மென்பொருளில் அது எங்கே செயல்படுகிறது என்று விளக்கத் தெரிந்த பட்டதாரிக்கும், பதிவு செய்யும் பொத்தானை மட்டும் அறிந்தவருக்கும் வேறுபாடு பெரிது.

நான்காவது, புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும். விற்பனை, இருப்பு, வாடிக்கையாளர் விவரங்களிலிருந்து பொருள் காண இது உதவும்.

ஐந்தாவது, சட்டமும் பாதுகாப்பும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் கீழ், மீறலுக்கு ₹250 கோடி வரை அபராதம் விதிக்க வழி உள்ளது. எந்தத் தகவலை, எந்த நோக்கத்துக்காக, யாருடைய ஒப்புதலுடன் சேமிக்கலாம் என்பது இனி ஒவ்வொரு நிறுவனத்தின் அன்றாடக் கேள்வி.

இவற்றுடன் இறுதி ஆண்டில் உண்மையான நிறுவனம் ஒன்றில் உள்ளகப் பயிற்சியும், அதை ஒட்டிய திட்டப் பணியும் இருப்பது அவசியம். பணம் கொடுத்து வெளியில் வாங்கிய திட்ட அறிக்கை மதிப்பெண் பெற்றுத் தரலாம். நேர்காணலின் இரண்டாம் கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும்.

பெயரும் முக்கியமாகும் இடங்கள்

பாடமே முதன்மை என்றாலும், சில வாயில்களில் பட்டத்தின் பெயரும் பார்க்கப்படுகிறது. எம்சிஏ படிப்பு 2020-21 முதல் இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டது. இதில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பது எதிர்பார்க்கப்படுகிறது. கணிதப் பின்னணி இல்லாதவருக்கு இணைப்புப் பாடங்கள் தேவைப்படும். என்ஐடி நிறுவனங்களின் எம்சிஏ சேர்க்கைக்கான நிம்செட் தேர்வோ, பட்டப்படிப்பில் கணிதம் அல்லது புள்ளியியல் இருந்ததா, பட்டம் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பார்க்கிறது. பி.காம். கணினிப் பயன்பாட்டில் சேரும் முன், எம்சிஏ எண்ணம் உள்ளவர் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பட்டயக் கணக்காளர் படிப்பில் நிலைமை வேறு. முதல்நிலைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குச் செல்ல, வணிகவியல் பட்டதாரிகளுக்கு 55 சதவீத மதிப்பெண்ணும் பிற பட்டதாரிகளுக்கு 60 சதவீதமும் தேவை. கணக்கியல், தணிக்கை, சட்டம், வரி போன்ற பட்டியலில் குறைந்தது மூன்று தாள்கள் படித்திருந்தாலே வணிகவியல் பட்டதாரிக்கான தளர்வு பொருந்தும். எம்பிஏ படிப்புக்கு எந்தப் பட்டமும் தகுதியாகும்.

வேலைவாய்ப்பிலும் இதே நிலை உண்டு. விப்ரோ நிறுவனத்தின் வேலையுடன் கூடிய மேற்படிப்புத் திட்டம் பிசிஏ, பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கானது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் போன்ற நிறுவனங்கள் மென்பொருள் பிரிவுக்குப் பிசிஏ, பி.எஸ்சி. பட்டதாரிகளையும், வணிகச் செயலாக்கப் பிரிவுக்குப் பி.காம்., பிபிஏ பட்டதாரிகளையும் தனித்தனியே தேர்வு செய்கின்றன. ஒரே பாடங்களைப் படித்த இருவர், பட்டத்தின் பெயரால் இரு வேறு வரிசைகளில் நிற்க நேரிடலாம்.

என்ன வேலைகள் கிடைக்கும்?

வணிகப் பகுப்பாய்வாளர், ஈஆர்பி செயலாக்க ஆலோசகர், தரவுப் பகுப்பாய்வாளர், மென்பொருள் சோதனையாளர், தகவல் அமைப்புத் தணிக்கை உதவியாளர் ஆகியவை இத்துறையுடன் நேரடியாகத் தொடர்புள்ள பணிகள். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், தணிக்கை நிறுவனங்கள், மருத்துவமனைகள், சில்லறை வணிகச் சங்கிலிகள் ஆகிய அனைத்திலும் இவற்றுக்குத் தேவை உண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் உலகளாவியத் திறன் மையங்களின் எண்ணிக்கை 1,700-ஐத் தாண்டியதாகவும், அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் பணிபுரிவதாகவும் நாஸ்காம் அமைப்பின் 2024 அறிக்கை கூறியது. நிதி, கொள்முதல், விநியோகம் ஆகிய பணிகளை மென்பொருளுடன் இணைத்து நடத்தும் இம்மையங்கள் பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை, டெல்லி சுற்றுப்பகுதிகளில் செறிந்துள்ளன.

பட்டம் பெற்ற உடனே ஆலோசகர் பதவி கிடைத்துவிடும் என்ற எண்ணம் சரியன்று. பெரும்பாலோர் தரவுப் பதிவு, வாடிக்கையாளர் உதவி, சோதனை, அறிக்கை தயாரிப்பு போன்ற பணிகளில் தொடங்கி, ஒரு தொழில்துறையின் நடைமுறையைக் கற்ற பின்னரே மேலே செல்கின்றனர். தகவல் அமைப்புத் தணிக்கைக்கான சிசா சான்றிதழுக்கும் தேர்வுடன் ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் பொதுவாகக் கேட்கப்படுகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எளிய நிரல்களையும் அறிக்கைகளையும் நொடிகளில் எழுதித் தருவதால், அந்த வேலைகளை மட்டும் அறிந்தவருக்கு நெருக்கடி கூடும். அதே நேரத்தில் என்ன கேட்க வேண்டும், வந்த விடை வணிக விதிக்கும் சட்டத்துக்கும் பொருந்துகிறதா, தவறினால் யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கும் வேலை மனிதரிடமே இருக்கிறது. ஹொரைசன் வழக்கில் காணாமற்போனது அந்தச் சரிபார்ப்புதான்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கல்லூரியில் கட்டணம் செலுத்தும் முன் மாணவரும் பெற்றோரும் பின்வருவனவற்றைக் கேட்டு, விடையை இயன்றவரை எழுத்தில் பெறுவது நல்லது.

• பருவம் வாரியான பாடத்திட்டம் எங்கே உள்ளது? மொத்தத் தாள்களில் கணினிப் பாடங்கள் எத்தனை, வணிகப் பாடங்கள் எத்தனை?

• தரவுத்தளம், அமைப்புப் பகுப்பாய்வு, ஈஆர்பி ஆகியவற்றுக்குச் செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

• பட்டத்தில் கணிதம் அல்லது புள்ளியியல் கட்டாயத் தாளாக உள்ளதா?

• பிபிஏ, பிசிஏ எனில் ஏஐசிடிஇ அனுமதி நடப்பு ஆண்டுக்கு உள்ளதா? பி.காம். எனில் பல்கலைக்கழக இணைப்பு உள்ளதா?

• பட்டச் சான்றிதழில் அச்சாகும் முழுப் பெயர் என்ன?

• உள்ளகப் பயிற்சி கட்டாயமா? கடந்த ஆண்டு மாணவர்கள் எந்த நிறுவனங்களில் பயிற்சி பெற்றனர்?

• பாடத்துடன் வழங்கப்படும் கூடுதல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டா? அதை வழங்குவது மென்பொருள் நிறுவனமா, இடைத்தரகரா?

கல்லூரியின் விளம்பரத்தைக் காட்டிலும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள பாடத்திட்டமே நம்பத்தக்கது. அதைப் பதிவிறக்கி, அந்தப் படிப்பின் இறுதி ஆண்டில் உள்ள மாணவர் ஒருவரிடம் காட்டி, இவற்றில் எவை உண்மையாகவே கற்பிக்கப்பட்டன என்று கேட்டால் அரை மணி நேரத்தில் தெளிவு கிடைத்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் வேறு படிப்புக்கு மாறும் வாய்ப்பு, சேர்க்கை முடிந்த சில வாரங்கள் வரை மட்டுமே இருப்பதால், இந்த விசாரணையை விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே முடித்துக்கொள்வது மாணவர்களுக்குப் பாதுகாப்பு.